எதுக்கும் ஒரு ஸ்கேன்!

அரூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே நாற்பது வயதில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இந்தக் கதை எந்தப் பெயருக்கும் பொருந்தும். உடம்பு அசதி, முடி கொட்டுகிறது என்று டாக்டரிடம் போகிறார். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறியிருக்கிறது. "உனக்குத் தைராய்டு இருக்கும்மா" என்கிறார்கள். (தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. இல்லாவிட்டால்தான் வம்பு. போகட்டும்.) மாத்திரை எழுதித் தருகிறார்கள். கிளம்பும்போது இன்னொரு வரி வந்து விழுகிறது. "எதுக்கும் கழுத்துக்கு ஒரு ஸ்கேன் பாத்துடுங்க."

அந்த "எதுக்கும்" என்ற வார்த்தையில்தான் வினையே ஆரம்பிக்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. முழுக்க ஆங்கிலம். வலது பக்கம் 1.2 சென்டிமீட்டரில் ஒரு திடமான கட்டி என்று போட்டிருக்கிறது. கடைசி வரியில் "சஜஸ்டட் கிளினிக்கல் கோரிலேஷன்". அதாவது, "நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன், இனி உங்கள் டாக்டர் பாடு". அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்துக்கடைப் பையன் படித்துச் சொல்கிறான், "ஏதோ கட்டியாம்க்கா". பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள், செல்போனில் தேடுகிறாள். மூன்றாவது வரியிலேயே கேன்சர் என்று வருகிறது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. மறுநாள் விடிகாலை தர்மபுரி பஸ். அங்கே திருப்தி இல்லையென்றால் சேலம். கையில் காசு இல்லையென்றால் கம்மல் அடகுக்கடைக்குப் போகும்.

இத்தனைக்கும் அந்தக் கட்டி என்ன கட்டி? அந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்த விஷயத்தைச் சொல்லாமல் விட்ட ரிப்போர்ட் அது. சண்டை அதோடுதான். மெஷினோடு எந்தச் சண்டையும் இல்லை.

ஒரே அளவு, இரண்டு கட்டி

தைராய்டு கட்டி என்பது அபூர்வமான சமாச்சாரம் கிடையாது. கையால் தொட்டுப் பார்த்தால் நூறு பெரியவர்களில் ஒரு சிலருக்குத் தட்டுப்படும். அதே நூறு பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் குறைந்தது 19 பேருக்கு, சில ஆய்வுகளில் 68 பேருக்கு வரைகூட, ஏதோ ஒன்று தெரியும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டியில் இருக்கும் கணக்கு இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். இப்படிக் கண்டுபிடிக்கும் கட்டிகளில் புற்றுநோயாக இருப்பது 7 முதல் 15 சதவீதம் என்கிறது அதே வழிகாட்டி. மீதியெல்லாம் சும்மா இருக்கும் கட்டிகள்.

அப்படியானால் கெட்டதை நல்லதிலிருந்து பிரிப்பது எப்படி? இங்கேதான் அல்ட்ராசவுண்ட் நிஜமாகவே கெட்டிக்காரத்தனமான கருவி. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, பத்து நிமிஷ வேலை. பார்க்கத் தெரிந்தவர் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார். கட்டிக்குள் இருப்பது தண்ணீரா சதையா, படத்தில் அது எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, படுத்த வாக்கில் இருக்கிறதா நிமிர்ந்து நிற்கிறதா, ஓரம் மழமழவென்று இருக்கிறதா பிசிறடித்திருக்கிறதா, உள்ளே மணல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதா. இதற்கெல்லாம் மார்க் போடும் முறைக்கு டைராட்ஸ் என்று பெயர். 2009-இல் சிலி நாட்டு டாக்டர்கள் இந்தப் பெயரில் முதலில் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்று அதிகம் புழங்குவது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-இல் வெளியிட்ட மார்க் பட்டியல்.

அக்காவின் கட்டிக்கே போட்டுப் பார்க்கலாம். திடமான கட்டி, 2 மார்க். சுற்றியுள்ள சுரப்பியின் நிறத்திலேயே இருக்கிறது, 1 மார்க். படுத்த வாக்கு, 0. ஓரம் மழமழ, 0. புள்ளி இல்லை, 0. மொத்தம் 3. அதாவது மூன்றாம் வகுப்பு. புற்றுநோய்க்கான வாய்ப்பு 5 சதவீதமோ அதற்குக் கீழோ. இந்த வகுப்பில் ஊசி போட்டு எடுக்க வேண்டுமென்றால் கட்டி 2.5 செ.மீ. இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கவே 1.5 செ.மீ. இருக்க வேண்டும். இது 1.2. ஆகவே ஊசியும் வேண்டாம், அடுத்த ஸ்கேனும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

இப்போது பக்கத்து ஊரில் இன்னொரு பெண். அவருக்கும் திடமான கட்டிதான், அதே 1.2 செ.மீ.தான். 2 மார்க். ஆனால் சுரப்பியைவிடக் கறுப்பாக இருக்கிறது, 2. அகலத்தைவிட உயரம் அதிகமாக நிமிர்ந்து நிற்கிறது, 3. மொத்தம் 7. ஐந்தாம் வகுப்பு. புற்றுநோய் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல். இந்த வகுப்பில் 1 செ.மீ. இருந்தாலே ஊசிப் பரிசோதனை உண்டு. இவரை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

ஒரே அளவு, ஒரே சொற்கள். "1.2 செ.மீ. திடக் கட்டி" என்று மட்டும் எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே ரிப்போர்ட். ஒருத்தி அநாவசியமாகப் பயந்து சாவாள். இன்னொருத்தி, "எல்லாருக்கும் வர்றதுதான், ஒண்ணும் ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். மார்க் போடாத ரிப்போர்ட் இரண்டு பேருக்குமே துரோகம் செய்கிறது. எண்ணிக்கையை மட்டும் எழுதி மதிப்பை எழுதாமல் விட்ட ஸ்டாக் ரிஜிஸ்டரை எந்த ஆடிட்டரும் வாங்கிக்கொள்ள மாட்டார். கழுத்து விஷயத்தில் மட்டும் அது செல்லுபடியாகிறது.

கொரியா கட்டிய வட்டி

"எதுக்கும் பாத்துடலாம்" என்று ஒரு நாடே கிளம்பினால் என்ன ஆகும்? தென்கொரியாவில் அது நடந்தது.

1999-இல் கொரிய அரசு தேசியப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லவே இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் ஆஸ்பத்திரிகள், "முப்பது முதல் ஐம்பது டாலர் சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம்" என்றன. ஜனங்களும் கொடுத்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகிவிட்டது. அந்த ஒரே வருஷத்தில் 40,000 பேருக்கு மேல் கேன்சர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, இவ்வளவு பேரைக் கண்டுபிடித்ததால் சாவு குறைந்ததா? இல்லை. வருஷத்துக்கு 300 முதல் 400 பேர் தைராய்டு புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த எண் அப்படியே நின்றது. புதிதாகக் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி சாகும்வரை தொந்தரவே தராத சின்னஞ்சிறு கட்டிகள். பின்லாந்தில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வு இதை முன்கூட்டியே காட்டியிருந்தது. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுக்கமாக அறுத்துப் பார்த்ததில் 36 பேரிடம் இத்தகைய குட்டிப் புற்றுநோய் இருந்தது. அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டே வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள்.

கொரியாவில் கண்டுபிடித்தவர்களுக்கு என்ன செய்தார்கள்? ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன். மூன்றில் இரண்டு பேருக்குச் சுரப்பியையே முழுதாக எடுத்துவிட்டார்கள். எடுத்தால் ஆயுசுக்கும் தினம் வெறும் வயிற்றில் மாத்திரை. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துச் சுரப்பிகள் பழுதாயின. 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. சும்மா இருந்த கட்டிக்குக் குரலைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இவர்கள்.

2014-இல் சில கொரிய டாக்டர்கள் ஒன்று சேர்ந்து, "அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் எடுக்காதீர்கள்" என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். பேப்பரில், டி.வி.யில் விவாதம் வெடித்தது. ஒரே வருஷத்தில் தைராய்டு ஆபரேஷன்கள் 35 சதவீதம் சரிந்தன. நோய் அவ்வளவு வேகமாகவா குறையும்? குறைந்தது தேடுவதுதான்.

கொரியா தூரம், கேரளா பக்கம்

"அது பணக்கார நாட்டு வியாதி, நமக்கென்ன" என்று கேட்பவர்களுக்குத் திருவனந்தபுரம் பதில் வைத்திருக்கிறது. இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் பெண்களுக்கான தைராய்டு புற்றுநோய் விகிதம் மிக அதிகமாக உள்ள இடங்களில் திருவனந்தபுரம் ஒன்று. அதே பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் தேவைக்கு மீறிய கண்டுபிடிப்பையும் ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியும் ஸ்கேனும் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் இது அதிகம் தெரிகிறது என்பதில் ஆச்சரியம் இல்லை.

தர்மபுரி மாவட்டம் அந்த வழியில் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியே 2008-இல்தான் வந்தது. இனி ஸ்கேன் மெஷின்கள் கூடும், முழு உடல் பரிசோதனை நோட்டீஸ்களும் கூடும். கூடட்டும், நல்லதுதான். ஆனால் கொரியா பதினைந்து வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதை அரூர் முதலிலிருந்து பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பாடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். முதலில் கேட்பது, தொட்டுப் பார்ப்பது, பிறகு தேவையென்றால் கருவி என்ற வரிசைதான் எந்த நல்ல வைத்தியத்துக்கும் அடிப்படை. கழுத்துக்கும் அதே வரிசைதான். 2013-இல் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன: டி.எஸ்.எச். மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும், கழுத்தில் எதுவும் தட்டுப்படாதவருக்கு வழக்கமாக அல்ட்ராசவுண்ட் எழுதாதீர்கள். நம் அக்காவுக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

ஆட்சேபங்களும் பதில்களும்

முதல் ஆட்சேபம்: "எந்தக் கேன்சரையும் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே?" கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இது உண்மை. வாய்ப் புற்றுநோய்க்கு உண்மை. அதற்கெல்லாம் பரிசோதனை செய்துகொள்ள நம் ஊர்ப் பெண்கள் இன்னும் கூச்சப்படுகிறார்கள், அங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தைராய்டுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. 2017-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, அறிகுறி இல்லாத பெரியவர்களிடம் தைராய்டு புற்றுநோயைத் தேடிப் போகாதீர்கள், நன்மையைவிடத் தீமை அதிகம் என்று நேரடியாகவே பரிந்துரைத்தது.

இரண்டாவது: "தைராய்டு கேன்சரில் பிழைப்பவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு, சீக்கிரம் கண்டுபிடிப்பதால்தானே?" பி.காம். படிப்பவர்கள் சிரித்துவிட வேண்டிய வாதம் இது. விகிதத்தின் பகுதியில் சாகவே போகாத ஆட்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தால் சதவீதம் தானாக ஏறும். வாராக்கடனே ஆகாத கஸ்டமர்களை லிஸ்ட்டில் நிறையச் சேர்த்துவிட்டு, "எங்கள் வசூல் பிரமாதம்" என்று சொல்வது போலத்தான். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற நேரடி எண்ணைப் பார்க்க வேண்டும். கொரியாவில் அது அசையவில்லை.

மூன்றாவது: "மார்க் முறை சில புற்றுநோய்களை விட்டுவிடுமே?" விடும். மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு ஐந்து வரை இருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் சின்னதாக இருக்கும்போது விட்டுவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை 1993-இலிருந்து 1 செ.மீ.க்குள் உள்ள, புற்றுநோய் என்றே உறுதியான கட்டிகளைக்கூட, விருப்பப்பட்டவர்களுக்கு அறுக்காமல் கண்காணித்து வருகிறது. 2014-இல் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்து வருஷத்தில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. கழுத்து நெறிக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. வளர்ந்தவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள். தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. உறுதியான புற்றுநோய்க்கே இந்த நிதானம் சாத்தியமென்றால், நூற்றில் ஐந்து சந்தேகத்துக்கு என்ன அவசரம்?

நான்காவது: "ஆளுக்கு ஆள் ஸ்கேன் மாறுமே, ஒருவர் 3 என்பதை இன்னொருவர் 4 என்பாரே?" ஆமாம், மாறும். அதனால்தான் எதை எதைப் பார்த்து எத்தனை மார்க் போட்டார் என்று எழுத வேண்டும். எழுதினால் இன்னொரு டாக்டர் சரிபார்க்கலாம். எழுதாவிட்டால் தப்பைக் கண்டுபிடிக்கக்கூட வழியில்லை. ஓட்டத்தில் விழுகிறான் என்பதற்காக ஸ்கோர்போர்டையே கழற்றி வைப்பார்களா?

ஆடிட்டிங் புத்தகத்தில் "மெட்டீரியாலிட்டி" என்று ஒரு பாடம் வரும். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் அதற்காகக் கம்பெனியை மூடுவதில்லை. முடிவை மாற்றக்கூடிய தப்பையே துரத்த வேண்டும். கழுத்தில் உள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரையும் துரத்துபவர்கள் அந்தப் பாடத்தை ஒருமுறை படிக்கலாம்.

சுவரில் தொங்கும் போர்டு

தர்மபுரி மாவட்டத்துக்கு ஸ்கேன் மெஷின் மேல் ஒரு பழைய கணக்கு உண்டு. பெண் சிசுக்கொலையால் பேர் கெட்டுப்போன மாவட்டங்களில் இதுவும் ஒன்று. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் விரிவாக்கப்பட்டது. எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்ற போர்டு தொங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் எதற்காக எடுத்தோம் என்று படிவத்தில் எழுத வேண்டும், இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். அந்தப் படிவத்தை அரைகுறையாக விடுவது வெறும் எழுத்துப் பிழை ஆகாது, குற்றம்தான் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதே அறை, பெரும்பாலும் அதே மெஷின். வேறு முனையை மாட்டிக் கழுத்தில் வைத்ததும் எல்லாக் கேள்வியும் நின்றுவிடுகிறது. எதற்காக எடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மார்க் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கழுத்து ரிப்போர்ட்டுக்காக யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. ஆனால் கருவில் உள்ள பெண்ணைக் காப்பாற்ற ஒரு படிவம் போட முடிந்த நாட்டில், நாற்பது வயதுப் பெண்ணின் கழுத்தைக் காப்பாற்ற ஐந்து வரி எழுத வைக்க முடியாதா?

வேண்டியது மூன்றே மூன்று.

1. கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் கட்டியின் நீளம், அகலம், உயரம், மேலே சொன்ன ஐந்து அம்சங்கள், மொத்த மார்க், எந்த நாட்டு டைராட்ஸ் முறை என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். (அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை, கொரிய முறை என்று தனித்தனியாக உண்டு. ஒன்றின் எண்ணை இன்னொன்றாக நினைத்தால் குழப்பம்.) அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

2. கடைசியில் தமிழில் இரண்டு வரி. "இந்தக் கட்டி கவலைப்படும் வகை அல்ல. ஊசிப் பரிசோதனை தேவையில்லை" அல்லது "இதற்கு ஊசிப் பரிசோதனை அவசியம், தள்ளிப் போடாதீர்கள்." இதற்குப் புது மெஷின் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

3. அறிகுறியே இல்லாதவர்களுக்கான முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனைச் சேர்க்கக் கூடாது.

அதுவரை நோயாளியிடம் ஒரே ஓர் ஆயுதம்தான் இருக்கிறது. "எதுக்கும் ஒரு ஸ்கேன்" என்று யாராவது சொன்னால், ஓர் எழுத்தை மட்டும் குறைத்துத் திருப்பிக் கேட்பது: "எதுக்கு?"

பி.கு.: இதைப் படித்துவிட்டு யாரும் கழுத்துக் கட்டியை மூடி மறைத்துக்கொண்டு திரிய வேண்டாம். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், குரல் கம்மி வாரக்கணக்கில் சரியாகாவிட்டால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், கட்டி வேகமாக வளர்ந்தால், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், இவர்களுக்கு ஸ்கேன் அவசியம். உடனே போக வேண்டும். போய், மார்க் போட்ட ரிப்போர்ட்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.